ஆல்டியில் வீட்டு மளிகை: ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு என் மதிப்பீடு

ஜெர்மனிக்கு வரப்போகும் தோழிகள் விசா, வாடகை எல்லாம் விசாரித்து முடித்த பிறகு என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "சாமானெல்லாம் எங்கே வாங்குவீங்க?" என் பதில் ஆல்டி, நாடு முழுக்கக் கிளைகள் உள்ள மளிகைக் கடை. எங்கள் வீட்டு மளிகையில் முக்கால்வாசி அங்கேதான். மீதிக் கால்வாசிக்குத் தமிழ்க் கடையும் துருக்கிக் கடையும் இருக்கின்றன, அவற்றைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் மொழி தெரியாமல் வந்து இறங்கும் ஒருவர் யார் துணையும் இல்லாமல் தானே போய், தானே பார்த்து, தானே பணம் கட்டி வரக்கூடிய கடை எது என்று கேட்டால் ஆல்டியைத்தான் முதலில் சொல்வேன்.

நாங்கள் இருப்பது எஸ்ஸனில். ஆல்டிக்குச் சொந்த ஊரும் இதுதான். 1913-இல் இங்கே ஷோன்னெபெக் பகுதியில் அல்பிரெக்ட் குடும்பத்தார் தொடங்கிய சின்ன மளிகைக் கடையை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கார்ல், தியோ என்ற இரண்டு பிள்ளைகள் கையில் எடுத்து வளர்த்தார்கள். 1961 வாக்கில் அண்ணனும் தம்பியும் வியாபாரத்தைப் பிரித்துக்கொண்டார்கள். கல்லாவில் சிகரெட் விற்பதா வேண்டாமா என்ற தகராறுதான் காரணம் என்று சொல்வார்கள். அதனால் வடக்கே இருப்பது ஆல்டி நோர்ட், தெற்கே இருப்பது ஆல்டி ஸூட். எஸ்ஸன் நோர்ட் பக்கம். பக்கத்து ஊரான மூல்ஹைமில் ஸூட் நிறுவனத்தின் தலைமையகமே இருக்கிறது. வாங்குகிற நமக்குப் பெயர்ப்பலகையின் நிறமும் சில சொந்த பிராண்டுகளும்தான் வித்தியாசம். கடை நடக்கும் விதம் ஒன்றேதான்.

அந்த விதம்தான் எனக்குப் பிடித்தது. ஒரு சாமானுக்கு ஒன்றிரண்டு வகைதான் வைப்பார்கள். மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் பொருள்கள். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் அது பத்தாயிரத்தைத் தாண்டும். உப்பு வாங்கப் போய்ப் பன்னிரண்டு வகை உப்புக்கு முன்னால் நின்று, ஒவ்வொரு பொட்டலத்தையும் போனில் மொழிபெயர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தால் அரை நாள் போய்விடும். ஆல்டியில் உப்பு என்றால் உப்பு. எல்லாக் கிளைகளும் கிட்டத்தட்ட ஒரே அமைப்பு என்பதால், ஒரு கடை பழகிவிட்டால் இன்னொரு ஊர்க் கடைக்குள்ளும் கை தானாகப் போய்விடும்.

வாசலில் தள்ளுவண்டிகள் ஒன்றோடொன்று சங்கிலி போட்டு நிற்கும். 1 யூரோ நாணயத்தைச் செருகினால் வண்டி கழன்று வரும், திரும்பக் கொண்டுபோய் மாட்டினால் நாணயம் கைக்கு வந்துவிடும். பை நாம்தான் கொண்டுபோக வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் கைப்பைகளுக்கு 2022 முதல் இங்கே தடை. கல்லாவில் கெட்டியான பை விலைக்குக் கிடைக்கும் என்றாலும், இரண்டு துணிப்பைகளை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொள்வதே நல்ல பழக்கம்.

இப்போது அலமாரியில் ஒட்டியிருக்கும் விலைச் சீட்டு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊர்க் கடைகள்மேல் எனக்கு நம்பிக்கை வந்ததே இதனால்தான். பெரிய எழுத்தில் இருப்பது பொட்டலத்தின் விலை. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு எண் இருக்கும், அது ஒரு கிலோவுக்கு அல்லது ஒரு லிட்டருக்கு என்ன விலை என்பது. இதைப் போட்டே ஆக வேண்டும் என்பது சட்டம். முன்பெல்லாம் சிறிய பொட்டலங்களுக்கு 100 கிராம் கணக்கில் போட இடம் இருந்தது. 2022 முதல் பொட்டலச் சாமான் எல்லாவற்றுக்கும் கிலோ, லிட்டர் கணக்குத்தான். உதாரணத்துக்கு, அரைக் கிலோ பாஸ்மதி 1.79 யூரோ, ஒரு கிலோ 2.99 யூரோ என்று பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், முதலாவதின் கீழே 3.58 என்று எழுதியிருக்கும். மனக்கணக்குப் போட வேண்டியதில்லை. பொட்டலத்தைப் பெரிதாகக் காட்டி உள்ளே குறைத்து வைத்திருந்தாலும் அந்தப் பொடி எழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

போன கோடையில் என் மாமியார் வந்திருந்தார். அவருக்குத் தமிழைத் தவிர வேறு எழுத்து தெரியாது. கடைக்குள் என்னோடு வந்தவர் எண்ணெய் வரிசையில் நின்று சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்தப் பொடி நம்பர்தான் நெசமான வெலையா?" என்று கேட்டார். ஆமாம் அத்தை என்றேன். அதற்குப் பிறகு பொருளை நான் கை காட்டினால் போதும், எந்தப் பொட்டலம் என்று முடிவு செய்வது அவர் பொறுப்பு. தள்ளுவண்டியைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் பால், தக்காளி, ரொட்டி வாங்க அவர் தனியாகவே போய் வந்தார். கடைக்காரரிடம் கேட்கக் கூச்சப்பட்டுப் பிள்ளைகளின் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களை இங்கே நிறையப் பார்க்கிறேன். அவர்களுக்கு இந்தச் சீட்டைப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள்.

இன்னொன்று, சீட்டில் இருக்கும் விலைதான் பில்லில் வரும். வரி அதற்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான உணவுப் பொருள்களுக்கு 7 சதவீதம், சோப்பு, துணி போன்றவற்றுக்கு 19 சதவீதம். பசும்பாலுக்கு 7, ஓட்ஸ் பாலுக்கு 19 என்பது எனக்கு இன்னும் நியாயமாகப் படவில்லை, ஆனால் அது கடையின் கையில் இல்லை.

சாமானுக்கு வருவோம். பாலில் 3.5, 1.5 என்று கொழுப்பு சதவீதம் பெரிதாகப் போட்டிருக்கும். குளிர்ப்பெட்டியில் இருப்பது ஃப்ரிஷ், அதாவது புதுப்பால். வெளியே அட்டைப் பெட்டிகளாக அடுக்கியிருப்பது ஹா-மில்ஷ், பிரிக்காமல் பல வாரம் வெளியிலேயே வைக்கலாம். காப்பிக்கும் தயிர் தோய்க்கவும் 3.5 புதுப்பால்தான் என் தேர்வு. ஹா-மில்ஷில் ஒரு காய்ச்சிய வாசனை எப்போதும் இருக்கும், பாயசத்துக்கு அது குறையாகத் தெரியாது. தயிர் வாங்குவதாக இருந்தால் நாட்டூர்யோகுர்ட் 3.5 எடுங்கள். புளிப்பு குறைவாக இருக்கும். தயிர்சாதத்துக்கு அருமை. மோர்க்குழம்புக்கு ஒரு நாள் வெளியே வைத்துப் புளிக்கவிட்டு எடுத்தால்தான் சரிப்படும். நீர்மோருக்குப் பூட்டர்மில்ஷ் என்று தனியாகவே விற்கிறார்கள், அதில் இஞ்சியும் உப்பும் போட்டால் வேறு எதுவும் தேவையில்லை.

மாவுப் பொட்டலங்களில் 405, 550, 1050 என்று எண் இருக்கும். 100 கிராம் மாவை எரித்தால் எத்தனை மில்லிகிராம் சாம்பல் மிஞ்சுகிறது என்ற கணக்கு அது. எண் கூடக்கூடத் தவிடு கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 405 நம் மைதா. பரோட்டா, கேக் எல்லாம் அதில் செய்யலாம். சப்பாத்திக்கு ஆட்டா மாவு தீர்ந்துபோன நாளில் 1050 கைகொடுக்கும், கொஞ்சம் கூடுதல் தண்ணீர் விட்டுப் பிசைந்து அரை மணி ஊறவிட வேண்டும்.

உருளைக்கிழங்கில் இவர்கள் காட்டும் அக்கறை என்னை அசர வைத்தது. பையின்மேலேயே இது வெந்தாலும் உடையாத ரகமா, குழையும் ரகமா என்று எழுதியிருக்கும். ஃபெஸ்ட்கோகெண்ட் என்றால் உடையாது, வறுவலுக்கும் பொரியலுக்கும் அதுதான். மேலிஷ்கோகெண்ட் மாவு போலக் குழையும், போண்டாவுக்கும் மசால் தோசைக்கும் அதைவிட்டால் வேறில்லை. சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் இல்லையே என்று ஏங்க வேண்டாம், ஷலோட்டன் என்ற பெயரில் வலைப்பையில் இருக்கும். நம் ஊர்ச் சின்ன வெங்காயத்தின் காரம் அதில் இல்லை, வாசனை நெருங்கி வரும். உறைந்த கீரை வாங்கும்போது பிளாட்ஷ்பினாட் என்று இருப்பதை எடுங்கள். ராம்ஷ்பினாட்டில் கிரீம் கலந்திருக்கும், அதைக் கடைந்தால் கீரை மசியல் ஆகாது.

முட்டை ஓட்டின்மேல் அச்சடித்த எண்ணை எங்கள் பையன் வாசித்துப் பார்த்துத்தான் சாப்பிடுவான். முதல் இலக்கம் கோழி வளர்ந்த விதம். 0 என்றால் இயற்கைப் பண்ணை, 1 வெளியில் மேயவிட்டது, 2 கொட்டகைக்குள் நடமாடவிட்டது, 3 கூண்டு. அடுத்து டி.ஈ. என்று இருந்தால் ஜெர்மனி, அதற்கடுத்த இரண்டு இலக்கம் மாநிலம். 05 என்றால் எங்கள் நோர்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன். ஒரு முட்டைக்கு இவ்வளவு விவரம் எழுதும் ஊரில் மற்றச் சாமானையும் நம்பி வாங்கலாம் என்று தோன்றிவிடுகிறது.

சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஜெலட்டின் இங்கே மிட்டாயில் மட்டும் இல்லை, சில இனிப்புத் தயிர்களிலும் புட்டிங்குகளிலும்கூட இருக்கும். மஞ்சள் நிற வீ-லேபிள் முத்திரை இருந்தால் ஜெலட்டின் இல்லை என்று நம்பி எடுக்கலாம். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருந்தால், சேர்மானப் பட்டியலில் வேர்க்கடலை, பால், கோதுமை மாதிரியானவை தடித்த எழுத்தில் தனியாகத் தெரியும். அவை தனித்துத் தெரிய வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க விதி.

அப்புறம் கல்லா. ஆல்டி கல்லாவின் வேகம் ஜெர்மானியர்கள் மத்தியிலேயே பேர்போனது. 2000-களின் தொடக்கம் வரை இங்கே ஸ்கேனரே கிடையாதாம். ஒவ்வொரு சாமானுக்கும் உரிய எண்ணைக் கல்லாவில் இருப்பவர்கள் மனப்பாடமாக வைத்துத் தட்டுவார்கள். இப்போது பொட்டலத்தின் பல பக்கங்களிலும் பார்கோடு பெரிதாக அச்சிட்டிருப்பதால், எப்படித் திருப்பினாலும் "பீப்" என்று விழுந்துகொண்டே போகும். சாமானை நகரும் பட்டையில் வைத்து, நமக்கும் பின்னால் இருப்பவருக்கும் நடுவே தடுப்புக் கட்டையைப் போட வேண்டும். கனமானவற்றை முதலிலும், முட்டை, தக்காளி, ரொட்டியைக் கடைசியிலும் அடுக்குங்கள். அங்கேயே நின்று பைக்குள் அடுக்க நினைக்காதீர்கள், எல்லாவற்றையும் வண்டிக்குள் அள்ளிப் போட்டுப் பணத்தைக் கட்டிவிட்டுச் சுவரோரம் இருக்கும் மேடைக்குப் போய் நிதானமாக அடுக்கலாம். அது அதற்காகவே போட்ட மேடை. கல்லாவில் இருப்பவர் உட்கார்ந்துகொண்டே வேலை பார்ப்பார். நாள் முழுக்க நின்றே ஆக வேண்டும் என்ற கொடுமை இங்கே இல்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வரும்போது ஒரு "ஹலோ", போகும்போது ஒரு "ஷூனன் டாக்". அதற்குமேல் பேச்சு தேவைப்படாது. கார்டு, போன், ரொக்கம் மூன்றும் எடுப்பார்கள். ஆனால் கொஞ்சம் ரொக்கம் எப்போதும் வைத்திருங்கள், சில பேக்கரிகளில் இன்னும் அதுதான் செல்லும்.

தண்ணீர், ஜூஸ் பாட்டில் வாங்கினால் பில்லில் ஃபான்ட் என்று தனியாக ஒரு தொகை ஏறும். கூடுதல் கட்டணம் என்று பயப்படாதீர்கள், காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் திரும்பி வரும் நம் பணம்தான் அது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் தகர டின்னுக்கும் 25 சென்ட், திரும்ப நிரப்பும் பாட்டில்களில் பெரும்பாலானவற்றுக்கு 15, பீர் பாட்டிலுக்கு 8. ஒருமுறை பயன்படுத்துபவற்றுக்கு 2003-இல் வந்த இந்த 25 சென்ட் திட்டத்தில் 2024 முதல் பிளாஸ்டிக் பாட்டிலில் வரும் பாலும் சேர்ந்திருக்கிறது. காலி பாட்டிலை நசுக்காமல், மேலே ஒட்டிய தாளைக் கிழிக்காமல் கொண்டுவந்து மெஷினின் வட்ட வாய்க்குள் படுக்கவைத்தால், அது சுற்றிப் பார்த்து, எண்ணைப் படித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். முடித்ததும் பச்சைப் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும். அந்தச் சீட்டைக் கல்லாவில் கொடுத்தால் பில்லில் கழிப்பார்கள், எதுவும் வாங்காவிட்டால் பணமாகவே தருவார்கள். 25 சென்ட் பிளாஸ்டிக் பாட்டிலை எந்தக் கடையில் வாங்கினோம் என்பது முக்கியமில்லை, அந்த வகை விற்கும் பெரிய கடை எதுவானாலும் எடுத்துக்கொள்ளும். கண்ணாடிப் பாட்டில் அப்படியில்லை, அதே ரகம் விற்கும் கடையில்தான் போடலாம். ஜாம், ஊறுகாய் பாட்டில்களுக்கு ஃபான்ட் இல்லை. அவை தெருவோரக் கண்ணாடித் தொட்டிகளில் வெள்ளை, பச்சை, பழுப்பு என்று நிறம் பிரித்துப் போட வேண்டியவை. ஞாயிற்றுக்கிழமை அங்கே போடாதீர்கள், சத்தம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை என்றதும் நினைவுக்கு வருகிறது, அன்று ஆல்டி மட்டுமல்ல, எல்லாக் கடைகளும் மூடியிருக்கும். ஞாயிறு ஓய்வு நாள் என்பதற்கு இந்த நாட்டு அரசியல் சட்டத்திலேயே பாதுகாப்பு உண்டு. 1919-இல் அன்றைய ஜெர்மன் குடியரசு எழுதிய வைமார் அரசியல் சட்டத்தில் இருந்த வரியை அப்படியே இன்றைய சட்டத்துக்குள் வைத்திருக்கிறார்கள். காலையில் சில மணி நேரம் பேக்கரி, நாள் முழுக்கப் பெட்ரோல் பங்க், பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள், அவ்வளவுதான். திங்கட்கிழமையும் அரசு விடுமுறையாக வந்துவிட்டால் இரண்டு நாள் சேர்ந்து பூட்டு. அதனால் சனிக்கிழமை காலையே போய்விடுங்கள், மாலையில் காய்கறிப் பெட்டிகள் காலியாகிவிடும். எனக்கு இந்த ஞாயிறு மூடல் பிடித்திருக்கிறது. கடையில் வேலை பார்க்கும் அம்மாக்களும் அன்று பிள்ளைகளோடு பூங்காவில் இருப்பதைப் பார்க்க முடிகிறது.

காய்ச்சல், வலி மாத்திரைகள் ஆல்டியில் கிடைக்காது. பாராசிட்டமால்கூட அப்போதெகெ என்ற மருந்துக்கடையில்தான். சிவப்பு நிறத்தில் பெரிய ஏ எழுத்து போட்ட பலகை. இரவிலும் ஞாயிறும் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மருந்துக்கடை முறை வைத்துத் திறந்திருக்கும், எது என்று மற்ற மருந்துக்கடைகளின் கதவில் ஒட்டியிருப்பார்கள். வீட்டில் குழந்தை இருந்தால் காய்ச்சல் மருந்தை முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள்.

ஆல்டியின் நடு வரிசையில் வாரத்துக்கு வாரம் மாறும் பொருள்கள்: பனிக்கால உடுப்பு, குக்கர், சைக்கிள் விளக்கு, பள்ளிக்கூடப் பை. பிள்ளைகளுக்கு முதல் பனிக்காலத்து உடுப்பு வாங்க நல்ல இடம், தரமும் விலைக்குமேல்தான். தீர்ந்தால் தீர்ந்ததுதான், திரும்ப வராது. பில்லைப் பத்திரப்படுத்துங்கள். புதிதாக வாங்கும் பொருளில் குறையிருந்தால் விற்ற கடை 2 ஆண்டு வரை பொறுப்பு என்பது எல்லாக் கடைக்கும் பொருந்தும் சட்டம்.

இனி, அங்கே கிடைக்காதவை. அரிசியில் பாஸ்மதியும் நீள அரிசியும் இருக்கும். மில்ஷ்ரைஸ் என்ற குண்டு அரிசி பால்சோற்றுக்கானது, சர்க்கரைப் பொங்கலுக்கு நன்றாகவே குழையும், சாம்பார் சாதத்துக்குப் பசையாகப் போய்விடும். இட்லி அரிசி, பொன்னி, உளுந்து, துவரம்பருப்பு, புளி, பெருங்காயம் இவற்றுக்கு ஈழத் தமிழர் கடைதான். எஸ்ஸனைச் சுற்றியுள்ள இந்த ரூர் பகுதியில் அவர்கள் நிறைய இருக்கிறார்கள், கடைகளும் இருக்கின்றன. நான் போகும் கடையில் விலைச் சீட்டு பாதிப் பொருளுக்குத்தான் இருக்கும், விலையும் கூடுதல். இருந்தாலும் கடைக்கார அண்ணன் கருணைக்கிழங்கைக் கையில் எடுத்துத் தட்டிப் பார்த்து, "இது வேண்டாம் தங்கச்சி, வியாழன் பின்னேரம் வாங்கோ, அண்டைக்குத்தான் புது மரக்கறி வரும்" என்று திருப்பி வைத்துவிடுவார். தன் சாமானையே வேண்டாம் என்று சொல்லும் கடைக்காரர் என்பதால் டிராம் பிடித்துப் போகிறேன். கறிவேப்பிலை அங்கேயும் நிச்சயமில்லை, வந்த அன்று இரண்டு கட்டு வாங்கிக் கழுவித் துடைத்து ஃப்ரீசரில் போட்டுவிடுவேன். கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் துருக்கிக் கடையில் கட்டு பெரிது, விலையும் குறைவு. மைசூர் பருப்பும் அங்கே உண்டு, டே-எம் என்ற அழகுசாதனக் கடையின் உணவு வரிசையிலும் உண்டு.

கோடையில் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலில் தேர் ஓடும். 2002-இல் குடமுழுக்கு நடந்த பெரிய கோயில் அது. எஸ்ஸனிலிருந்து ஹாம் ரயில் நிலையத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம், அங்கிருந்து கோயிலுக்குப் பேருந்து. திருவிழாவன்று வீதியில் கடைகள் வரிசையாக இருக்கும். சக்கரம் வைத்த பையைக் கையோடு எடுத்துப் போங்கள்.